சப்பாத்தைக் கழற்றியவர்

அன்புள்ள அப்பா,

நாங்கள் வீடு மாறத் தேவையில்லை. லொறியோடு தூரத்தில் நிற்கும் உங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

வந்தால் எங்களை எழுப்பிவிடுவாரென்று நீங்கள் பயந்த அந்த நகரசபை அதிகாரி இன்று நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற் வீட்டைப் பரிசோதிக்க வந்தார். சீருடையைக் கண்டதும் அம்மா அடையாள அட்டைகளை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே பனியில் போய் நின்றார். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும்போது அப்படித்தானாம்.

"வாயைத் திறக்காதை பிள்ளை," என்றார்.

ஆனால் நியாயமில்லாமல் யாரையும் சோதனையிடக்கூடாது என்கிற, கனடா உரிமைச் சாசனத்தின் எட்டாம் பிரிவை நான் வாசித்திருக்கிறேனே! "வாரன்ற் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இல்லையென்றும், நாங்கள் மறுத்தால் அந்த அனுமதியை எடுக்க நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டுமென்றும் சொன்னார். அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப, நான் வேண்டாமெண்டா உவர் போயிடுவாரோ?"

"ஓம் அம்மா."

அம்மா அடையாள அட்டைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "அப்பச் சரி, வரச்சொல்லு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச்சொல்லு."

அவர் கழற்றினார். எல்லா அறைகளையும் பார்த்துவிட்டு, நாங்கள் இங்கேயே இருக்கலாமென்றும், புகை மணியை மட்டும் மாற்றும்படி வீட்டுக்காரருக்கு அறிவிப்பதாகவும் சொன்னார். தேத்தண்ணியும் குடித்தார்.

அவருடைய சொக்ஸில் பெருவிரல் தெரிய ஒரு ஓட்டை இருந்தது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கவனமாக ஓட்டி வாருங்கள்.

உங்கள் மகள்