ஓம் சொல்வதற்கு முன்

மச்சாள்,

இன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படம் வந்தது. நம் மருந்தக மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும்போது வரும் திரை. ‘தற்போதுள்ள தரவுத்தளம் மேலெழுதப்படும். நிச்சயமாகத் தொடர விரும்புகிறீர்களா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். நீ ஒழித்துக்கட்டிய அதே சனியன், புதிய மேலாளரின் கையால் திரும்பி வந்திருக்கிறது. நீ உட்கார்ந்திருந்த கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இப்போது பிரிண்டரை வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சின்ன அலுவலகத்தில் திரையில் வரும் செய்திகளை எழுதுவது நான், திட்டு வாங்கத் தொலைபேசியை எடுப்பது நீ. அண்ணனைக் கட்டி வீட்டுக்கு வந்தவள், வேலைக்கும் கூடவே வந்தாய். குருக்கள்மடத்தில் மருந்தகம் நடத்தும் பாமசிக்காரர் அழைத்த அன்றும் நீதான் எடுத்தாய். இதே கேள்விக்கு அவர் ‘ஆம்’ அழுத்தியிருந்தார். ஊரில் யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்ற பதிவெல்லாம் போயிற்று. ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்டாய். “அது கேட்டிச்சி பிள்ள, நான் ஓமெண்டன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கு வரவில்லை. மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போய், மருந்து வாங்க வந்தவர்களின் மருந்து எழுதிய கிளினிக் கொப்பிகளைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தோம். திரும்பும் வழியில் சொன்னாய்:

“கேட்டா ஓமெண்டுறது நம்மட ஆக்கள்ற மரியாதை கா. அத வச்சே அவங்களக் கவுக்கிறதா?”

அதன் பிறகு என் எழுத்தில் உன் கத்தரிக்கோல் விழத் தொடங்கியது. ‘தயவுசெய்து’ போயிற்று. தயவு எதற்கு, விசயத்தைச் சொல்லு என்பாய். எது அழியும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பொத்தானில் நடக்கப்போவதையே எழுத வேண்டும். உன்னோடு சண்டை பிடித்துப் பிடித்துத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

பிறகு உனக்கு உடம்பைத் தின்னும் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் கட்டிலருகே நின்று, ஒரு ஒப்பரேசன் செய்து பார்ப்போம், சரிதானே என்றார். அம்மா, அண்ணன், நான் மூவரும் ஓம் சேர் என்றோம். நீ தலையாட்டவில்லை.

“செஞ்சா என்ன நடக்கும், செய்யாட்டி என்ன நடக்கும்? ரெண்டையும் சொல்லுங்க சேர்.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறைக்காமல் சொன்னார். செய்தால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், அதுவும் அனேகமாக வார்டுக்குள்ளேயே. செய்யாவிட்டால் அதைவிடக் குறைவு. நீ வீட்டுக்குப் போகிறேன் என்றாய். களுதாவளை வீட்டில் கடைசிவரை இறால் கறிக்கு உப்புக் காணாது என்று அண்ணனை ஏசிக்கொண்டிருந்தாய்.

அந்தச் சில மாதங்களை எனக்குத் தராமல் போய்விட்டாய் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் நாங்கள் ஒன்றும் தெரியாமல் ஓம் சொன்னோம், நீ எல்லாம் தெரிந்துகொண்டு வேண்டாம் என்றாய்.

மத்தியானம் மேலாளரை அழைத்து, இந்தத் திரையை எந்தப் பாமசிக்கும் அனுப்பமாட்டேன் என்றேன். உலகம் முழுக்க இப்படித்தான் என்றார். நாளைக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். பாருங்கள் என்றேன். பிறகு என் செய்தியை எழுதி அவருக்கு அனுப்பினேன்: ‘இந்தக் கணினியில் உள்ள மருந்துப் பதிவுகள் எல்லாம் அழியும். திரும்ப எடுக்க முடியாது.’ கீழே ‘பதிவுகளை வைத்திரு’, ‘பதிவுகளை அழி’.

பதில் இன்னும் வரவில்லை. வேலை போனாலும் போகட்டும் மச்சாள். எதை இழக்கப்போகிறார் என்று சொல்லாமல் இனி எவரிடமும் நான் ஓம் வாங்கமாட்டேன்.