ஈரத்தில் வரைந்த முகம்

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

போன்ல முகத்தைக் காட்டச் சொன்னா பேச்சை மாத்துறீங்க. அதான் எழுதுறேன்.

நேத்து வகுப்புப் பிள்ளைங்களைத் தண்ணியில விரலை நனைச்சு, வராந்தாத் தரையில படம் போடச் சொன்னேன். காயறதுக்குள்ள அதோட கதையைச் சொல்லணும், அதுதான் விளையாட்டு. ஒருத்தன் கொள்ளிடம் போட்டான், ஒருத்தி கரும்பு லாரி போட்டா. உங்க மக ஃபைஸா உங்களைப் போட்டா. கண்ணு, மூக்கு போட்டுட்டு, "அம்மா, அத்தாவுக்கு இப்போ தாடி இருக்கா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. எனக்குத் தெரியலை. அதுக்குள்ள முகம் காஞ்சுபோச்சு. ஆத்திரத்துல வாளியையே கவுத்துட்டா.

தலைமையாசிரியை ஓடிவந்து, "இது பள்ளிக்கூடமா, வாய்க்காலா டீச்சர்?"னு கத்துறாங்க. தண்ணி வகுப்புக்குள்ள போயி பிள்ளைங்க பையெல்லாம் நனைஞ்சுபோச்சு. துடைச்சுத் துடைச்சு என் இடுப்பே விட்டுப்போச்சு.

கேமராவைப் போடாம இருக்க இன்னும் எத்தனை சாக்குச் சொல்வீங்க? நெட் இல்லை, லைட் இல்லை, ரூம்ல ஆளுங்க இருக்காங்க! பின்னால நர்ஸ் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறது எனக்கும் காதுல விழுது மச்சான். உடம்புக்கு என்னன்னு நான் கேட்கலை.

இன்னிக்கு அவளுக்கு முகத்தைக் காட்டுங்க. எப்படி இருந்தாலும் வரைஞ்சுக்குவா.

கோவம் குறையாத,
உங்க வூட்டுக்காரி