பாதியில் நின்ற மோட்டார் திருட்டு வழக்கு

அனுப்புநர்:
மோட்டார் மெக்கானிக்கின் மனைவி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
சட்ட விழிப்புணர்வு அலுவலர் அவர்கள்,
நீதிமன்ற வளாகம்.

பொருள்: நூலகக் கூடத்தில் நடந்த 'நீதிமன்ற விளையாட்டு' தீர்ப்பின்றி நின்றது – மீதியை நடத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று பொதுமக்களுக்கு விளையாட்டாக விளக்க, சென்ற கோடையில் தங்கள் அலுவலகம் நடத்திய நிகழ்ச்சிக்கு நானும் என் கணவரும் வந்திருந்தோம். சீட்டுக் குலுக்கியதில் பக்கத்து வீட்டு டீச்சர் நீதிபதியானார். என் கணவருக்குக் குற்றவாளிக் கூண்டு. குற்றம், குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைத் திருடியது. அவர் தொழிலே மோட்டார் பழுதுபார்ப்பது என்று தங்கள் ஊழியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கூடத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

2. அரசுத் தரப்பு வக்கீலாக வந்த மருந்துக்கடைக்காரர் வெளுத்து வாங்கினார். "மோட்டாரை அரை நிமிஷத்துல கழட்டத் தெரிஞ்சவர் இந்தத் தெருவுல வேற யாரு?" என்றதும் ஒரே கைதட்டல். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாத என் கணவர் வேர்த்துப்போய், "கழட்டத் தெரியும்ங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் தரப்பு வக்கீலான தையற்கார அம்மா எழுவதற்குள், அடுத்த கூட்டத்துக்கு இடம் வேண்டுமென்று நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தங்கள் ஊழியர் அறிவித்தார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

3. முதலில் கேலிதான். "அண்ணே, எங்க மோட்டாரையாவது விட்டு வைங்க" என்பார்கள், அவரும் சிரிப்பார். பிறகு பின்தெருவில் நிஜமாகவே ஒரு மோட்டார் காணாமல் போனது. முதலில் தட்டப்பட்டது எங்கள் கதவு. வீட்டைக் காலி செய்தவர்களின் சாமான்களோடு அது போய்விட்டதென்று பின்னர் தெரியவந்தது. அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

4. சென்ற மாதம் ஒரு வீட்டில், இவர் வேலை முடிக்கும்வரை வீட்டுக்காரரின் தம்பி நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். அதன்பின் இவர் எந்த வீட்டுக்கும் போவதில்லை. சாப்பிடும்போது திடீரென்று, "திருடுனியான்னு யாருமே கேக்கலியே. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்ல" என்கிறார்.

5. விளையாட்டைக் குறை கூறவில்லை. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினீர்கள். மருந்துக்கடைக்காரரும் எங்களுக்கு வேண்டியவரே.

ஆகவே, அதே கூடத்தில், அதே ஆட்களை அழைத்து, மீதி விசாரணையை நடத்தித் தீர்ப்பும் சொல்ல வைக்குமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தீர்ப்பானாலும் ஏற்றுக்கொள்கிறோம். தண்டனை கிடைத்தாலும் மேல்முறையீடு உண்டு என்று தங்கள் ஊழியர் அன்று விளக்கினார். பாதியில் நின்றால் எங்கே முறையிடுவது என்று அவர் சொல்லவில்லை.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மோட்டார் மெக்கானிக்கின் மனைவி

இடம்: மேற்படி வீடு
நாள்: மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை