பெண் வீட்டு வேன்

தம்பிக்கு,

உன் புதுமனை விருந்துக்கு நாங்கள் தாமதமாக வந்ததில் உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரி பூரா டூரிஸ்ட் கூட்டம், பஸ் ஸ்டாண்டுக்குக் காரை எடுத்துட்டு வர முடியாதுப்பா” என்றாய். சரிதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், கண்ணாடியில் உன் பெயர் ஒட்டிய வேன் ஒன்று நின்றது. சுரங்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஷிப்ட் பஸ்ஸில் யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்த பழக்கம். அம்மாவையும் ஏற்றி உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க பொண்ணு வூட்டு ஆளுங்களா?” என்று டிரைவர் கேட்டார்.

“பையனோட அப்பாங்க.”

“பொண்ணு வூட்டுக்காரங்கள மட்டுந்தாங்க ஏத்தச் சொன்னாரு மாப்ள.”

பின்சீட்டுகள் காலியாகத்தான் இருந்தன. இறங்கிவிட்டோம். அந்த நெரிசலுக்குள் வர எந்த ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. வாடகை ஸ்கூட்டரில் பறக்கும் பிள்ளைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, உனக்கென்று கொண்டுவந்த பலாப்பழத்தை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நடந்தோம். பழம் நன்றாக இருந்தது என்று உன் மாமனார் சொன்னார்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது.

பொங்கலுக்கு வருகிறாயாம். நெய்வேலி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரப்போவதில்லை. அங்கே டவுன்ஷிப் பஸ் நிற்கும், ஏறி உட்கார். யார் வீட்டு ஆள் என்று கேட்டு உன்னை யாரும் இறக்கிவிட மாட்டார்கள்.

அப்பா