மலிவு விலையில் விழுவது எப்படி

ஜனவரி 6, 2025

முப்பது வயதில் எனக்குப் பனிச்சறுக்குப் பலகையில் ஏற ஆசை வந்திருக்கிறது. நான் கோவில்பட்டிக்காரி. இதுவரை பனியைப் பார்த்தது, வளைகுடாவில் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் கராமா ரூமின் ஃப்ரீசரில்தான். அதையும் நானும் ரூம்மேட் பிரபாவதியும் அவ்வப்போது கரண்டியால் சுரண்டி எறிகிறோம்.

தேராவில் எங்கள் சரக்கு ஆபீஸில் வாட்ஸப் குரூப் தொடங்கியாயிற்று. பெயர் 'பனிப்புலிகள்'. போகுமிடம் ஜார்ஜியா, குதவுரி மலை. இங்கே ரெசிடென்ஸ் விசா இருந்தால் அங்கே தனி விசா வேண்டாம். புலிகள் ஒன்பது பேர்.

ஜனவரி 9

புலிகள் நான்கு. மேனேஜர் ராஜிக் சாருக்கு முதுகுவலி. ஆபீஸ் நாற்காலியிலேயே வந்ததாம்.

ஜனவரி 14

புலி ஒன்று. மற்றவர்கள் குரூப்பில் பொங்கல் வாழ்த்து மட்டும் போடுகிறார்கள். பிரபா பரிதாபப்பட்டு, "சரி, நான் வாரேன். நர்ஸ் ஒருத்தி கூட இருந்தா ஒனக்கு நல்லதுதான்" என்றாள்.

ஜனவரி 15

அன்பரசனிடம் போனில் சொன்னேன். எனக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை. சித்திரையில் கல்யாணம். குவைத்தில், ஃபஹாஹீலில் சேஃப்டி ஆபீசர். அந்த உத்தியோகத்தைக் கல்யாணத்துக்கு முன்பே என்மீது தொடங்கிவிட்டார்.

"காலு ஒடிஞ்சா மணவறைல எப்படி உக்காருவ இளவேனில்?"

"சேர் போட்டு உக்காருவேன்."

சிரிக்கவில்லை. "எங்கம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

அவர் அம்மா பனிச்சறுக்கில் என்ன பட்டம் வாங்கியவர்? கேட்கவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன். வார நாளில் போனால் மலிவு. ரூம் மலைக்குக் கீழே, அடுப்போடு.

ஜனவரி 22

தேராவில் நெய்னா முகம்மது காக்கா கடைக்குப் போனோம். ஆட்டுக்கிடா கனத்தில் ஒரு கோட்டை எடுத்துப் போட்டார். "சைபீரியாவுக்கே தாங்கும்மா."

"நாங்க சைபீரியாவுக்குப் போகல காக்கா."

"போனா?"

கையுறையும் கம்பளிச் சாக்ஸும் மட்டும் வாங்கினோம். பலகை, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் அங்கே வாடகைக்கு. ஒருமுறை விழுவதற்குச் சொந்தப் பலகை எதற்கு?

ஜனவரி 31

மாலில் இருக்கும் பனிக்கூடத்தில் முதல் பாடம். விழுந்தேன். எழுந்தேன் என்று எழுத ஆசைதான். தூக்கினார்கள்.

பிப்ரவரி 8

அன்பரசனும் வருகிறாராம்! "ஒன்னயத் தனியா விட முடியாது." பிரபா மனுஷக் கணக்கில் இல்லை போலிருக்கிறது. அவருக்கு மட்டும் சறுக்குமேட்டை ஒட்டிய பெரிய ஹோட்டல்.

பிப்ரவரி 18, குதவுரி

மூவருக்கும் ஒரே வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் நீனோ என்ற உள்ளூர்ப் பெண். எல்லோரும் விழுந்தோம். பிரபா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். அன்பரசன் முதலில் விழுந்தபோது பலகை சரியில்லை. அடுத்து பனி சரியில்லை. அதற்கடுத்து நீனோ சரியில்லை. "பொட்டச்சிக்கு என்ன தெரியும்?" என்றார், தமிழில்.

என்ன சொன்னார் என்று நீனோ என்னிடம் கேட்டாள். நன்றி சொன்னார் என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? இடுப்பைவிட அதுதான் வலிக்கிறது.

பிப்ரவரி 19

இன்று நின்றேன். முழங்காலை மடக்கி, குதிகாலை அழுத்தி, நானே சறுக்கினேன். கொஞ்ச தூரம்தான். பிரபா கீழேயிருந்து குலவை போட்டாள். சறுக்க வந்திருந்த ரஷ்யர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே அன்பரசன் விழுந்தார். தூக்கிவிடக் கை நீட்டினேன். தட்டிவிட்டார். "எல்லாம் ஒன்னாலதான்டி! மூதேவி!" சுற்றி நின்றவர்களுக்கு மொழி தெரியாது. தொனி தெரிந்தது.

இவரு விழுந்தா நான் காரணமா? நாளைக்கு வேல போனா நானா? சுகர் வந்தா நானா? பிள்ள மார்க் கொறஞ்சா — எத்தன வருஷத்துக்கு?

நீனோ மறுபடி கேட்டாள். இந்த முறை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொன்னேன், அவர் காதில் விழும்படியே. பலகையைப் போட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 20

அன்பரசன் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். சிறுசுகள் சறுக்கும் மேட்டில் உச்சியிலிருந்து அடிவரை விழாமல் வந்தேன். சாட்சி யாருமில்லை. பிரபா அப்போது குப்புறக் கிடந்தாள்.

மார்ச் 2, கராமா

அம்மாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

"பனில விழுந்ததுக்கா ஒருத்தர வேண்டாங்குற?"

"விழுந்ததுக்கு இல்லம்மா. விழுந்தப்ப பேசுனதுக்கு."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பாவும் தடுக்கி விழுந்தா என்னயத்தான் ஏசுவாரு" என்றாள். இத்தனை வருஷத்தில் அம்மா இதைச் சொன்னதே இல்லை.

அப்புறம் அவளே தொடர்ந்தாள்.

"அவுக வீட்டுல நானே பேசிக்கிடுதேன். நீ போன வையி."

மார்ச் 11

"கல்யாணம்தான் இல்லன்னு ஆயிருச்சே, சித்திரை லீவ கேன்சல் பண்ணிரவா?" என்று மேனேஜர் ராஜிக் கேட்டார்.

"வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும். அம்மா இங்க வர்றாங்க. தனியா."