உன் மாமா எனக்கு விற்கப் பார்த்த நீல வண்டி

அன்புள்ள குட்டிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். இங்கே நாங்களும் சுகம், அப்பாவின் வலது தோள்பட்டையைத் தவிர. அது கையைத் தூக்கவிடாமல் படுத்துகிறது, சட்டை மாட்டிவிட நான் போய் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்கும் என்னைத்தான் முறைக்கிறார். போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஆபீஸ் போகவும், சனி ஞாயிறு சிநேகிதிகளோடு சுற்றவும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கிறேன், என்னவெல்லாம் பார்த்து வாங்கணும் என்று கேட்டாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமா அழாத குறையாகப் பேசினார், நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் என்னம்மா குறைந்துவிடும் என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை ஒன்றும் இல்லை, பேசியிருந்தால் கத்தியிருப்பேன், அதனால்தான். உனக்கு அவன் சொன்ன கதை மட்டும்தான் தெரியும். நடந்ததை நான் எழுதுகிறேன், வண்டி வாங்குகிற உனக்கும் உபயோகப்படும்.

நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பகுதியை மட்டும் ஊருக்கு வெளியே பைபாஸ் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கே பஸ் கிடையாது. என் பழைய மொபெட் மேம்பாலம் ஏறுவதற்குள் இறங்கித் தள்ளு என்கிறது. கியர் வண்டியே வாங்கிவிடலாம், நான் ஓட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அணைக்கட்டுப் பக்கம் போய் வரலாம் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது குற்றம் போலத்தான் எல்லாரும் நடந்துகொண்டார்கள். முதலில் போன கடையில் வண்டிகளை டீசலில் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளவென்று. கேள்வி கேட்டது நான், அந்த ஆள் பதில் சொன்னது முழுக்க அப்பாவிடம். மேடத்துக்கு லைட்டா ஒரு ஸ்கூட்டர் பாருங்க சார் என்றான். நான் என்ன ஊமையா? இன்னொருவர் வீட்டு வாசலில் வண்டியைக் காட்டினார், வங்கி உத்தியோகம், மடிப்புக் கலையாத சட்டை. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் ஒரு செருப்புக் காலை வைத்துக்கொண்டே கடைசிவரை நின்றார். கொஞ்சம் நகருங்க என்றேன். கால் வலி, நகர முடியாது என்றார்! படித்த மனுஷன், அந்த முகத்தில் ஒரு கூச்சம் வேண்டாமா? வீட்டுக்கு வந்து கை கழுவினேன், தொட்டது வண்டியை, அருவருப்பு என்னவோ அவரைத் தொட்ட மாதிரி.

இப்படி அலைந்து வெறுத்துப்போய்த்தான் உன் மாமாவிடம் போனோம். சொந்தத்துக்குள் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று அப்பா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான், கூடப் பிறந்தவன் பழைய வண்டி வியாபாரம் பண்ணும்போது ஊரான் வீட்டு வாசலில் ஏன் நிற்கணும் என்று இழுத்துக்கொண்டு போனேன். போனதும் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினான், ஜூஸ் வரவழைத்தான், அக்காவுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன் என்று ஒரு நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். லேடி டாக்டர் ஓட்டினது, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போயிருக்கு, ஷோரூம் கண்டிஷன் என்றான். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். தெருவில் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போனது. பைபாஸில் ஒருமுறை ஓட்டிவிட்டு வருகிறேன் என்றேன். எதுக்குக்கா வெயில்ல என்றான். அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். போனேன். வேகமுள் நாற்பதைத் தாண்டினதும் ஹேண்டில் நடுங்க ஆரம்பித்தது. ரோடுதான் சரியில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அவ்வளவுதான், யாரோ எதிரில் நின்று இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து உலுக்குகிற மாதிரி ஆடியது, பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான், எனக்குப் பிரேக் எந்தக் காலில் என்றுகூட மறந்துபோய்விட்டது. எப்படியோ ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். விழவில்லை. அங்கேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் முகம்தான் வந்தது குட்டி, வேறு ஒன்றும் வரவில்லை.

உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து, என்னடா இது என்று கேட்டேன். பதறுவான் என்று நினைத்தேன். சிரித்தான். நாப்பதுக்கு மேல போனாத்தான்க்கா ஆடும், நீ எங்க அவ்வளவு வேகமா போகப்போறே, உனக்கு இது தாராளம் என்றான். தெரிந்துதான் என்னை ஏற்றி அனுப்பியிருக்கிறான்! அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், வண்டிக்கு என்ன ஆச்சு உண்மையைச் சொல்லு என்றார். லாரிக்கு அடியில் போன வண்டியாம், சேஸிஸ் என்கிற அடிச்சட்டமே வளைந்து, நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, மேலே நீலம் அடித்திருக்கிறான். ஓட்டினவன் பிழைச்சுட்டான் அத்தான், ஒரு கால்தான் போச்சு என்று என்னவோ கண்ணாடி உடைந்ததைச் சொல்வது போலச் சொன்னான். லேடி டாக்டர் எங்கேடா என்றேன். வியாபாரத்துல ஏதாவது சொல்லணும்லக்கா என்றான். வண்டிச் சாவியை அவன் மேஜையில் போட்டேன். அதற்குள், சரி விடு, உனக்கு வேற நல்லதா தர்றேன், இதை வெளியாளுக்குத் தள்ளிக்கிறேன் என்று என்னைச் சமாதானப்படுத்துகிறான், இதில் நான் சந்தோஷப்பட வேண்டும் போல.

நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோதே அந்த வெளியாள் வந்துவிட்டாள். உன் வயசு இருக்கும். பிசியோதெரபி செய்கிறவள், நடக்க முடியாதவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்க வண்டி வேணுமாம். தோளில் பை, அவசர அவசரமாக வாரின தலை. உன் மாமா அதே நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். லேடி டாக்டர் ஓட்டினது என்று அதே ராகத்தில் ஆரம்பித்து, அந்தப் பெண் குனிந்து டயரைப் பார்க்கிற நேரம் பார்த்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பு இருக்கிறதே குட்டி, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். நான் நேராகப் போய், அம்மா, இது லாரியில் அடிபட்ட வண்டி, நாற்பதைத் தாண்டினால் ஹேண்டில் ஆடுது, இப்பத்தான் நான் விழப் பார்த்தேன், நான் இவனுக்கு அக்கா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாடிக்கையாளர் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்களும் மெல்ல நழுவினார்கள். கூடப் பிறந்தவளா நீ, என் வயித்துல அடிச்சுட்டியே என்று கத்தினான். அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் போயிருந்தால் யார் வயிற்றில் அடித்ததாக அர்த்தம் என்று கேட்டேன். ஜூஸ் டம்ளரைத் தூக்கி எறிந்தான்.

 வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அப்பா, அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, நாலு பேர் முன்னாடி எதுக்கு என்றார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. நாலு பேர் முன்னாடி பொய் சொல்லலாம், உண்மையை மட்டும் ஒளிந்துகொண்டு சொல்லணுமா? இரண்டு நாள் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டேன். மூன்றாம் நாள் மாமாவின் பெண்டாட்டி, உன் அத்தை, போன் செய்து, சொந்தத் தம்பி வாழறது பொறுக்காத ஜென்மம் என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பா கேட்டுக்கொண்டே வந்து போனை வாங்கினார். உன் புருஷன் விக்கப் பார்த்தது வண்டி இல்லைம்மா, எமனை, போனை வெச்சுடு என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒழுங்காகச் சட்டை மாட்டிவிட்டேன்.

வண்டி கடைசியில் ஒரு நீச்சல் கோச்சிடம் வாங்கினேன். வேலை மாறி வேறு ஊர் போகிறார். பார்க்கப் போனபோது இருபது அடி தூரத்திலேயே பூனை மூத்திர நாற்றம், சீட் முழுக்க நகக்கீறல், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பக்கத்தில் போனேன். எங்க பூனை இதிலேதான் குடித்தனம் நடத்திச்சு, காலையில ரெண்டு மூணு உதை உதைச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும், பின் பிரேக் சீக்கிரம் மாத்தணும் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் சொல்லிவிட்டார். பைபாஸில் எண்பதுவரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு நடுக்கம் இல்லை. சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிது போட்டேன், மழை வந்தால் அந்த வாடை எங்கிருந்தோ இன்னும் வருகிறது. போன ஞாயிறு அணைக்கட்டுக்குப் போனோம். அப்பா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவா மெதுவா என்று போகும்போதும் வரும்போதும் ஒரே ஜெபம்.

இப்போது நேற்று நடந்தது. மத்தியானம் வாசலில் உன் மாமா வந்து நின்றான். உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. அந்த வண்டியைப் பிரிச்சுப் பார்ட் பார்ட்டா வித்துட்டேன், இப்ப திருப்தியா என்றான். மனசு மாறி ஒன்றும் இல்லை, விஷயம் வெளியே பரவி எவனும் வாங்க வரவில்லை, அதனால். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நிற்கிற என் வண்டியைப் பார்த்தான், பின் சக்கரத்துப் பக்கம் குனிந்தான், செயின் தொங்குதுக்கா என்றான். கேட்காமலே தன் வண்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து வெயிலில் உட்கார்ந்து இறுக்கினான், பின் பிரேக்கையும் சரி செய்தான். கரியான கையோடு தண்ணீர் வாங்கிக் குடித்தான், போய்விட்டான். மன்னிப்பு என்ற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் தெருவைத் திரும்பினதும் நான் வீட்டு ஸ்பானரை எடுத்து அவன் இறுக்கின ஒவ்வொரு நட்டையும் திரும்பச் சோதித்தேன். எல்லாம் கச்சிதமாக இருந்தது, ஒரு நூல் பிசகில்லை. இத்தனை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவன்தானே. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவன் கை பட்ட இடத்தை நான் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன், அப்பாவுக்குத் தெரியாது, சொல்லாதே. மன்னிப்புக் கேட்கச் சொல்லி இனி நீ பேசவேண்டாம்.

நீ வண்டி பார்க்கப் போகும்போது பெரிய ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதே, வேண்டாம் என்று எவன் சொன்னாலும் அங்கேயே திரும்பி வந்துவிடு. தலைக்கவசம் புதிதாக வாங்கு, அதில் பழசு பார்க்காதே. நீ எந்த ரோட்டில் போனாலும் உனக்கு ஒரு கீறல் படாமல் வீடு வந்து சேரணும், அது ஒன்றுதான் நான் கேட்பது. வண்டி எடுத்ததும் போட்டோ அனுப்பு, அடிப்பக்கமும் சேர்த்து.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

(தோள் வலியில் அப்பா கையெழுத்துப் போட முடியாது என்கிறார், முத்தம் மட்டும் கொடுக்கச் சொன்னார்.)