ஈய வெள்ளை

மேற்கு மாரேட்பள்ளி,
செகந்தராபாத்.
12-1-1978

சௌ. கல்பகத்துக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கு நான் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளை தனசிங்கும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

எழுத எழுதக் குழம்பிவிடுகிறேன். அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. வீட்டு வேலை ஏன் நின்றது.
2. பழைய பெயிண்டில் என்ன இருக்கிறது.
3. இனி வேலை எப்படி நடக்கும்.
4. தலைப்பிரசவத்துக்கு நீ எங்கே இருக்க வேண்டும்.

முதலாவது. நீ வருவாய் என்று ஜன்னல்களுக்குப் புது பெயிண்ட் அடிக்க ஆள் வைத்தேன். மத்தியானம் கூடத்துக்கு வந்தபோது, உப்புத்தாளால் தேய்த்த தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது, இறங்க மனமில்லாத பனியைப்போல. அதற்குள், நம்மை விட்டுப் போன உன் அம்மா நின்று என்னைப் பார்ப்பதாகக்கூடத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ! பிறகுதான் ராமச்சந்திராபுரம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த புத்தி விழித்தது.

இரண்டாவது. சுரண்டிய இடத்தில் சோடியம் சல்ஃபைடு கரைசலை ஒரு சொட்டு விட்டேன். வெள்ளை பெயிண்ட் கறுத்துப்போயிற்று. ஈயம். அந்தத் தூசி தாய் மூச்சில் போனால் வயிற்றுக் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

மூன்றாவது. உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது, தீயில் காட்டி உரிக்கவும் கூடாது, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும் என்றேன். "நக்கோ சாப், ஐசா காம் நை ஹோதா", வேண்டாம் சார், இப்படியெல்லாம் வேலை நடக்காது என்று பெயிண்ட்காரர் சிரித்தார். கறுத்த இடத்தைக் காட்டினேன். தண்ணீர் பிடிக்க வாளியை எடுத்தார். இப்படியே எல்லா ஜன்னல்களும் முடிந்து, தரையைக் கழுவித் துடைக்க ஏப்ரல் ஆகிவிடும். உனக்கோ மார்ச்சில் நாள்.

நான்காவது. ஆகவே நீ வர வேண்டாம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நடக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் முறை. மற்றதில் தடுமாறினாலும் இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
நாராயணஸ்வாமி

பிலாய்
20-1-1978

அன்புள்ள அப்பாவுக்கு, கல்பகம் நமஸ்காரம்.

முதல் மூன்றும் புரிந்தன. நான்காவதுதான் புரியவில்லை. அவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். பயமாக இருக்கிறது, அப்பா. லாலாகுடாவில் என் மாமியார் இருக்கிறார்கள். உங்களிடமிருந்து ரிக்ஷாவில் போகிற தூரம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நீங்கள் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அங்கே வந்து இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

பெயிண்ட் மேல் பழி போடாமல் எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் டிக்கெட்.

கல்பகம்

மேற்கு மாரேட்பள்ளி
29-1-1978

சௌ. கல்பகத்துக்கு ஆசீர்வாதம்.

நேற்று லாலாகுடாவுக்குப் போனேன். வாசலில் சற்று நேரம் நின்றேன். திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன். மரியபுஷ்பம் அம்மாளே பார்த்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. மொத தடவையா வாரீக. பழத்தோட வருவீகன்னு பார்த்தா மருந்து சீசாவோட வந்திருக்கீக."

சீசாவைத் திறந்து சொட்டு விட ஆரம்பித்தேன். கரைசலின் அழுகல் முட்டை நாற்றத்தில் அவர் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். சுவர் சுண்ணாம்பு, கறுக்கவில்லை. ஜன்னல்களுக்கு வெறும் எண்ணெய்தான், பெயிண்ட் இல்லை. சமையலறைக் கதவு கறுத்தது. ஆனால் அங்கே பெயிண்ட் உரியவில்லை. சுரண்டாமல் மேலே ஈயமில்லாத பெயிண்ட் ஒரு பூச்சு கொடுத்தால் போதும், அதையும் நீ வருமுன் முடித்துவிடலாம் என்று விளக்கிக்கொண்டே போனேன்.

அவர் காப்பியை என் முன்னால் வைத்தார். "கதவு கெடக்கட்டும். பிள்ள இங்க வரட்டுமா, அதச் சொல்லுங்க" என்றார்.

சரியென்று தலையை ஆட்டினேன். காப்பியைக் குடித்தேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழி முழுதும் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. உன் அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது கேட் திறக்கும்போதுதான் தெரிந்தது.

டிக்கெட் எடுத்துவிடு. ஸ்டேஷனிலிருந்து நேரே லாலாகுடா. தினமும் வருவேன், குளித்து வேறு வேட்டி மாற்றிக்கொண்டு. தூசி துணியோடும் வந்துவிடும்.

முதல் மூன்றையும் இன்று மறுபடி படித்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கின்றன. நான்காவது தவறு.

அப்பா